தேநீருக்கு மூன்று, காசுக் கொப்பிக்கு ஐந்து

புறக்கோட்டையில் பசியோடு நிற்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைவிட நல்ல பராட்டா போடும் கடைகள் இதே வட்டாரத்தில் இருக்கின்றன, நல்ல புரியாணி வேண்டுமென்றால் இரண்டு தெரு தள்ளிப் போனால் போதும். இந்தக் கடையைப் பற்றி நான் எழுதுவது சாப்பாட்டுக்காக இல்லை. இங்கே கீழே விழுந்த காசு உரியவரின் கைக்குத் திரும்பிப் போகிறது, அதுவும் ஒரு முறையோடு போகிறது. கொழும்பில் அப்படி ஒரு முறை வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடையை நான் வேறு கண்டதில்லை.

பெயரைப் போடவில்லை. போடட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். “பேரைப் போட்டீங்கன்னா நாளைக்கே பத்துப் பேர் என்ட காசு இங்க விழுந்திச்சுன்னு வந்து நிப்பாங்க தம்பி” என்றார். நியாயம்தான். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலில் இருந்து நடக்கிற தூரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பக்கம் புழங்குகிறவர்களுக்கு எந்தக் கடை என்று இதற்குள் பிடிபட்டிருக்கும், பிடிபட்டால் உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். உட்கார்ந்த உடனே ஒரு தட்டு வரும், நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள். ரோல்ஸ், கட்லட், சமோசா, சீனிச் சம்பல் வைத்த பணிஸ் எல்லாம் கலந்து அடுக்கியிருக்கும். வேண்டியதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு எழும்பும்போது பையன் வந்து தட்டைப் பார்த்து, குறைந்ததற்கு மட்டும் கணக்குப் போடுவான். நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. சென்னையில் இருந்து வந்திருந்த நண்பர் ஒருவரைக் கூட்டிப் போனபோது, வைத்ததை மிச்சம் விட்டால் மரியாதையில்லை என்று நினைத்துத் தட்டு முழுவதையும் முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார், நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. ரோல்ஸ் நல்லது, உள்ளே மிளகு தூக்கலாக இருக்கும். கட்லட்டில் எண்ணெய் அதிகம். பராட்டா காலையில் பஞ்சு, பின்னேரம் ரப்பர். இறைச்சிக் கறி நம்பிச் சாப்பிடலாம். தேநீருக்கு ஐந்தில் மூன்று கொடுப்பேன், சாயம் நன்றாகத்தான் இருக்கிறது, சீனியைக் கொட்டுகிறார்கள், குறைத்துப் போடுங்கள் என்று சொன்னாலும் அதே கைதான். விலையை எழுதவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எந்தக் கடையின் விலையை எழுதி வைத்தாலும் யாராவது வந்து பழைய விலை என்று சண்டைக்கு நிற்கிறார்கள். இந்தத் தெருவில் இது மலிவான கடை, அவ்வளவு போதும்.

சரி, காசு.

ஒரு பின்னேரம் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சுக்கும் சுவருக்கும் இடையில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. விரலை விட்டு இழுத்தால் சுருட்டிய காசுக் கட்டு, பெண்கள் தலைமுடிக்குப் போடும் கறுப்பு பேண்டால் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. வெளியே தெரிந்தது ஐயாயிரம் ரூபாய்த் தாள், அந்தத் தங்க நிறத்தைப் புறக்கோட்டையில் யாரும் தூரத்தில் இருந்தே அடையாளம் காண்பார்கள். கொண்டுபோய்க் காசு மேசையில் வைத்தேன். முதலாளி அதைத் தொடவில்லை. சமையல்கட்டில் இருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டார், என்னையும் நிற்கச் சொன்னார், மூன்று பேரும் பார்க்க அந்தச் சமையல்கார அண்ணைதான் பிரித்து எண்ணினார். ஐயாயிரம் எட்டு, ஆயிரம் பத்து, நடுவே ஒரு கொப்பித் தாள் துண்டு, அதில் பத்துப் பேரின் பெயர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். ஐம்பதாயிரம் ரூபாய் சீட்டுக் காசு.

இனித்தான் நான் ஐந்துக்கு ஐந்து கொடுக்கும் விஷயம் வருகிறது. முதலாளி மேசை மேலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை, தடித்த அட்டை போட்ட பெரிய நோட்டை, எடுத்தார். திகதி, நேரம், எந்த மேசை, எத்தனை தாள், கண்டெடுத்தவரின் தொலைபேசி இலக்கம், எண்ணியவரின் கையெழுத்து. காசையும் துண்டையும் அந்தக் கறுப்பு பேண்டையும் சேர்த்து ஒரு கடித உறைக்குள் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்கே என்னிடம் கையெழுத்து வாங்கினார். வங்கியில்கூட என்னிடம் இவ்வளவு ஒழுங்காகக் காசு வாங்கியதில்லை.

நான் இரண்டாவது தேநீர் சொல்லிவிட்டு அங்கேயே இருந்தேன், யார் வருவார்கள் என்று பார்க்கும் ஆசைதான், வேறொன்றும் இல்லை. முதலில் ஒருவர் வந்தார், நல்ல உடுப்பு, கையில் கார்ச் சாவி. பேர்ஸ் ஒன்று விழுந்துவிட்டது, இங்கேதான் விழுந்திருக்க வேண்டும் என்றார். என்ன நிறம் என்று முதலாளி கேட்டதற்குக் கறுப்பு என்றார். “பேர்ஸ் ஒண்டும் கிடைக்கல்ல ஐயா, நம்பரைத் தந்துட்டுப் போங்க, கிடைச்சா எடுக்கிறேன்” என்று முதலாளி அந்த இலக்கத்தையும் அதே கொப்பியில் எழுதிக்கொண்டார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன், உண்மையிலேயே அவருடைய பேர்ஸ் வேறெங்காவது விழுந்திருக்கலாம். இன்னொரு கடையாக இருந்திருந்தால், ஏதோ காசு கிடைத்தது, உங்களுடையதா பாருங்கள் என்று கட்டைத் தூக்கிக் காட்டியிருப்பார்கள், அதற்குப் பிறகு அது யாருடைய காசு என்று அந்தக் கடவுளாலும் சொல்ல முடியாது.

கடை பூட்டுகிற நேரம் நெருங்கும்போது ஒரு பெண் ஓடி வந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும், துணிக்கடை ஒன்றின் சீருடை. மத்தியானம் இங்கே சாப்பிட்டேன், நானா (அண்ணா) என்று தொடங்கியவளுக்கு மேலே பேச்சு வரவில்லை. முதலாளி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டுக் கேட்டார். “எவ்வளவுன்னு இப்ப சொல்ல வேணாம் மகள். எதால கட்டியிருந்தீங்க?” தலைப் பேண்ட் என்றாள். உள்ளே காசைத் தவிர வேறு என்ன இருந்தது என்றார். பேர்த் துண்டு. அதில் கடைசிப் பேர் யாருடையது? சொன்னாள். அதற்குப் பிறகுதான் எவ்வளவு, என்னென்ன தாள் என்று கேட்டார், எல்லாம் பொருந்திய பிறகு உறையை என்னிடம் நீட்டி என் கையெழுத்து அப்படியே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, அவள் கையாலேயே கிழிக்க வைத்தார். அவள் இரண்டு தரம் எண்ணினாள். பிறகு ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை உருவி என் பக்கம் நீட்டினாள், நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். “சீட்டுக் காசில இருந்து எடுத்துக் குடுத்தா அந்தக் குறையை யாரு மகள் நிரப்புற?”

கண்டெடுத்த காசைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துப் போடுகிறேன். கீழே கிடந்தது கடவுள் கொடுத்தது, தொலைத்தவன் கவனமாக இருந்திருக்க வேண்டும், இவ்வளவு காசை அஜாக்கிரதையாக வைக்கிறவனுக்கு அது போனால் ஒன்றும் குறைந்துவிடாது என்றெல்லாம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். புறக்கோட்டையில் ஒரு நாள் நின்று பாருங்கள். இங்கே கையில் காசோடு ஓடுகிறவர்களில் பாதிப் பேர் சொந்தக் காசோடு ஓடவில்லை. முதலாளியின் காசை வங்கியில் போடப் போகிற பையன், மொத்தக் கடைக்குக் கட்ட வேண்டிய காசை ஊரில் இருந்து கொண்டுவந்த சில்லறைக் கடைக்காரர், பத்துப் பேரின் சீட்டைச் சேர்த்து வைத்திருக்கிற பெண், நாள் முழுக்க வண்டி இழுத்த சுமைத் தொழிலாளர்களான நாட்டாமிகளின் கூலியை ஒன்றாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற நாட்டாமி. இந்தக் காசு தொலைந்தால் தொலைத்தவர் ஏமாளி என்ற பேரோடு தப்ப முடியாது, கள்ளன் என்ற பேரும் சேர்ந்து வரும், சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுவார்கள். அந்தப் பெண் காசைத் தொலைத்துவிட்டேன் என்று மற்ற ஒன்பது பேரிடம் சொல்லியிருந்தால் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

சட்டமும் நினைப்பது போல் இலேசாக விடவில்லை. 1883ஆம் ஆண்டிலிருந்து நம்மிடம் இருக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவு பிறர் பொருளை நேர்மையற்ற விதத்தில் தனதாக்கிக்கொள்வதைக் குற்றமாக்குகிறது, இரண்டு வருடம் வரை உள்ளே போடலாம். யாருடையது என்று தெரியாத பொருளைப் பாதுகாத்துக் கொடுப்பதற்காக எடுத்தால் குற்றமில்லை. உரியவர் யார் என்று தெரிந்த பிறகோ, தேடிப் பார்க்க வழியிருந்தும் தேடாமலோ பையில் போட்டுக்கொண்டால் அங்கேதான் மாட்டுவோம். பெயர் எழுதிய துண்டோடு கிடந்த ஐம்பதாயிரத்தைத் தெருவில் கிடந்தது என்று சொல்லி எடுத்துக்கொள்ள முடியாது. அதே நேரம், ஓல்கொட் மாவத்தை நடைபாதையில் காற்றில் பறந்து வந்த இருபது ரூபாய்த் தாளுக்கு உரியவரைத் தேடி ஒலிபெருக்கி பிடிக்க வேண்டியதும் இல்லை. இந்தக் கடையில் அப்படிப்பட்ட சில்லறையைக் கூட்டும் பையன் ஒரு பால்மா டின்னுக்குள் போட்டுவிடுகிறான், கொப்பியில் ஏற்றுவதில்லை.

மிச்சக் காசைக் கூடுதலாகத் தந்துவிட்டார்கள் என்றால் அது வேறு கதை. அங்கே யாருடைய காசு என்று உங்களுக்குத் தெரியும், ஆள் கண் முன்னாலேயே நிற்கிறார். நூறு ரூபாய் கூடுதலாக வந்தால், கடைக்கு வந்ததற்குத் தனக்குக் கிடைத்த லாபம் என்று சிரித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பல கடைகளில் இரவு கணக்குப் பார்க்கும்போது அந்த நூறு காசு மேசையில் நின்ற பிள்ளையின் சம்பளத்தில் இருந்துதான் போகும். இந்தக் கடையில் வெட்டுவதில்லை என்று பையன் சொன்னான். ஏச்சு மட்டும் விழுமாம்.

இப்போது கியூஆரில் கட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள், அதில் வேறு விதமாகக் காசு விழுகிறது. மேசையில் ஒட்டியிருக்கும் லங்கா கியூஆர் அட்டையை வருடிவிட்டுத் தொகையை நாம்தான் அடிக்க வேண்டும், அவசரத்தில் 450க்குப் பதில் 4500 அடித்துவிட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இருக்கும்போதே அப்படி ஒன்று நடந்தது. தொலைபேசி டிங் என்றதும் முதலாளி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், பையனைத் தெருவுக்கு விரட்டினார், அவன் அந்த மனிதரை அடுத்த சந்தியில் பிடித்துக் கூட்டி வந்தான். மிச்சத்தைக் கையில் காசாகவே கொடுத்து, கொப்பியில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று புரியவே கொஞ்ச நேரம் எடுத்தது.

இதே ஊரில் குளிரூட்டிய ஒரு பெரிய கடைத்தொகுதியில் என் மனைவியின் பேர்ஸ் தொலைந்தபோது எங்களை மூன்று மேசைகளுக்கு அலையவிட்டார்கள். ஒருவர் பாதுகாப்புப் பிரிவைக் கேளுங்கள் என்றார், பாதுகாப்புப் பிரிவு தகவல் மேசையைக் கேளுங்கள் என்றது, தகவல் மேசையில் இருந்த பிள்ளை எங்கள் இலக்கத்தை ஒரு மஞ்சள் ஒட்டுத் துண்டில் எழுதிக் கணினியின் ஓரத்தில் ஒட்டினாள். அந்தத் துண்டு அன்றைக்கே விழுந்திருக்கும். இடத்தின் பெயர் வேண்டாம். காசு போனதைவிட அடையாள அட்டை போனதுதான் பாடாகிவிட்டது, பொலிசில் முறைப்பாடு, கிராம சேவகர், ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பம் என்று ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பேர்ஸ் ஒன்றைக் கண்டெடுத்து, காசை எடுத்துக்கொண்டு மனச்சாட்சிக்காக மிச்சத்தையாவது தபாலில் போடுகிற ஆட்களைக்கூட நான் பாதி மன்னிப்பேன், மிச்சத்தையும் குப்பையில் எறிகிறவர்களை மன்னிக்கவே முடியாது.

2019இல் வெளியான ஒரு ஆய்வு நினைவுக்கு வருகிறது. 40 நாடுகளில், 355 நகரங்களில், பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பணப்பைகளை வங்கி, ஹோட்டல், தபாலகம், பொலிஸ் நிலையம் என்று முன்மேசைகளில் கொண்டுபோய்க் கொடுத்து, தெருவில் கிடந்தது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பை, உரியவரின் மின்னஞ்சல் முகவரியோடு அட்டை, ஒரு சாவி, கடைக்குப் போக எழுதிய துண்டு. காசு இல்லாத பைகளுக்கு நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் உரியவரைத் தொடர்புகொண்டார்கள், காசு இருந்தவற்றுக்கு ஐம்பத்தொரு பேர். காசு கூடினால் ஆசை கூடும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள், நடந்தது மறுதலை. இதை முதலாளியிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. பெரிய காசைத்தான் எல்லோரும் கொண்டுவந்து தருவார்கள், குடையையும் தொப்பியையும்தான் கொண்டுபோய்விடுவார்கள் என்றார். கடைக்குள் குடையோடு போகிறவர்கள் இதைக் கவனத்தில் எடுக்கவும்.

ஒருவரும் வராத காசை என்ன செய்கிறார்? ஒரு வருடம் வைத்திருக்கிறார். கண்டெடுத்த பொருளை ஒரு வருடம் அறிவிக்க வேண்டும் என்பது முதலாளியின் இஸ்லாமிய மார்க்கத்தில் உள்ள முறை, அதைத்தான் கொப்பிக்குக் கொண்டுவந்திருக்கிறார். வருடம் முடிந்தால் தொலைத்தவரின் பேரில் சதகாவாக, அதாவது தர்மமாகக் கொடுத்துவிடுவாராம், பிறகு ஆள் வந்து நின்றால் தன் கைக்காசில் இருந்து கொடுப்பாராம். அப்படி யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டேன், தேநீரைக் குடிங்க தம்பி, ஆறுது என்றார்.

அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் கிடைத்தால் அன்றைக்கே பொலிசுக்குப் போய்விடும், காசை மட்டும் கடையில் வைக்கிறார். இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பெரிய தொகை என்றால் பொலிசிலும் ஒரு பதிவு போட்டு வைப்பது அவருக்கே பாதுகாப்பு, நாளைக்கு யாராவது ஒரு லட்சம் இருந்தது, ஐம்பதாயிரம்தான் தருகிறீர்கள் என்று நின்றால் ஸ்டேப்ளர் அடித்த உறை எவ்வளவு தூரம் காப்பாற்றும்? தொலைத்தவர்கள் முதலில் கடைக்குத்தான் ஓடி வருவார்கள், பொலிசுக்குப் போகப் பயப்படுவார்கள் என்பது அவருடைய வாதம். அந்தத் துணிக்கடைப் பிள்ளையைப் பார்த்த பிறகு பாதி ஒத்துக்கொள்கிறேன். ஜப்பானில் சட்டமே கண்டெடுத்தவருக்கு ஐந்து முதல் இருபது வீதம் வரை கேட்க இடம் கொடுக்கிறது, அங்கே தெருமுனைப் பொலிஸ் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது பழகிப்போன காரியம். நமக்கு அது பழக இன்னும் காலம் எடுக்கும்.

அடுத்த குறை இன்னும் பெரிது. அந்தக் கொப்பி காசு மேசையின் மேலே விரித்தபடியே கிடக்கிறது. பில் கட்ட நிற்கிற யாரும் தலையைச் சாய்த்தால் என் தொலைபேசி இலக்கத்தைப் படிக்கலாம், அதைவிட மோசம், எந்த மேசையில் எத்தனை தாள் கிடைத்தது என்பதையும் படிக்கலாம். இவ்வளவு நுணுக்கமாகக் கேள்வி கேட்டு ஆளைச் சோதிக்கிற மனிதர் விடைத்தாளை மேசையில் வைத்துக்கொண்டு இருக்கிறார். சொன்னேன். சரி தம்பி, உள்ளே வைக்கிறேன் என்றார். அடுத்த முறை போனபோதும் அங்கேதான் கிடந்தது, மேலே ஒரு சுண்டல் தட்டு வைத்திருந்தார்கள், அதுதான் வித்தியாசம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடை பூட்டு, ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. வாகனம் நிறுத்த இடம் கிடையாது, கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நடப்பது உத்தமம். மத்தியானம் பன்னிரண்டரைக்கும் இரண்டுக்கும் இடையில் உட்கார இடம் பிடிக்க முடியாது, பார்சல் எடுக்கலாம், லன்ச் ஷீட்டில் சுற்றித் தருவார்கள், கறியைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பஸ்ஸில் போகிறபோது மடியில் ஊற்றும். வட்டிலப்பம் வியாழக்கிழமைகளில் மட்டும், நான்கு மணிக்கு மேல் கேட்டால் முடிந்தது என்பார்கள். சுவரோரப் பெஞ்சில் மின்விசிறி படாது.